நீ குறுக்கே மாட்டியதை நான் நேராக்கினேன்

அன்புச் சகலை சிக்கந்தருக்கு,

நீ படுத்திருக்கும் கபுரில் வெளிச்சமும் விசாலமும் நிறைந்திருக்கட்டும். துஆவை முதலில் கேட்டுவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன். நீ போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் மவுத்தாகவில்லை.

கடைக்காரர் சங்கத்து மலரில் உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். ‘சகலை முறை, கூடவே தொழில் பழக்கம். உங்கள விட்டா யாரு பாய் எழுதுறது?’ என்றார் செயலாளர். நல்லவர், பண்பாளர், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு நான் என் சோலியைப் பார்த்திருக்கலாம். ஆனால் சரக்கில் குறை இருந்தால் குறையைச் சொல்லியே விற்றுப் பழகியவன் நான். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நம் மாமனார் ஊர் மல்லாங்கிணற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உன்னைவிட நான் ஒன்றரை வயது மூத்தவன். ஆனால் நீ மூத்தவள் ராபியாவைக் கட்டினாய், நான் இளையவள் ஜைனபுவைக் கட்டினேன். அன்றோடு என் வயது செல்லாமல் போய்விட்டது. மாமனார் வீட்டுப் பெருநாள் விருந்தில் முதல் தட்டு உனக்கு. இறைச்சியில் நல்ல துண்டு உனக்கு. ‘பெரிய மாப்ள சாப்பிட்டாரா?’ என்று கேட்டுவிட்டுத்தான் மாமா என் பக்கம் திரும்புவார்.

அந்த ஃபிரிட்ஜ் விஷயம் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு இருக்கிறது. மதுரையிலிருந்து வண்டி பிடித்து, நாலு ஆள் வைத்து, மாமா வீட்டில் கொண்டுவந்து இறக்கினேன். பிளக் சுவரில் நுழையவில்லை. நீ சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தாய், இரண்டு ஆணியைக் கழற்றினாய், மாட்டினாய். அது ஓட ஆரம்பித்தது. மாமா தெருவெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? ‘பெரிய மாப்ள வந்துதாம்ப்பா ஃபிரிட்ஜ ஓட்டி விட்டாரு.’ வாங்கிக் கொடுத்தவன் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

தொழிலிலும் அதே கதைதான். சைக்கிள் கேரியரில் ஒயர் சுருளைக் கட்டிக்கொண்டு காரியாபட்டி வரை மிதித்தவன் நான். இன்று விருதுநகரில் தெப்பக்குளத்துப் பக்கம் இரண்டு மாடிக் கடை வைத்திருக்கிறேன். யார் கையும் பிடித்து நான் மேலே வரவில்லை. நீ சிவகாசியில் ஒரே ஒரு ஷட்டர் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே. ஆனால் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் உன் வாசலில் நின்றார்கள்.

அவர்களுக்கு நான் செம்புக் கம்பி விற்றுக்கொண்டிருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் அறைக்கு அறை தூரம் இருக்கும். ஒன்று பிடித்தால் இன்னொன்று பிடிக்கக் கூடாது என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். கேமரா வைக்க வேண்டும் என்றால் நீளமாகக் கம்பி இழுக்க வேண்டும். எனக்கு அது நல்ல வியாபாரம். நீ வந்தாய். ‘அண்ணாச்சி, இடி இறங்குனா செம்புல கரண்டும் கூடவே ஓடி வரும். வெடிமருந்து இருக்குற எடத்துல அது எதுக்கு? கண்ணாடி இழை போடுவோம். அதுல வெளிச்சம் மட்டுந்தான் போகும்’ என்று முதலாளிகளிடம் சொன்னாய். நீ சொன்னது சரிதான். என் செம்புச் சுருள்கள் கடையிலேயே படுத்துத் தூங்கின. நீ சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு நானும் ஃபைபர் சாமான் வாங்கி விற்க ஆரம்பித்தேன். அப்போதும் ஊர்ப் பேச்சு எப்படி இருந்தது? ‘பொருளு அபுதாகிர் பாய்ட்ட வாங்கு, வேலய சிக்கந்தர் பாய்ட்ட குடு.’ கடைக்காரன் நான். கைக்காரன் நீ.

காரியாபட்டிப் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த நீ எழவே இல்லை. சேதி வந்ததும் நான்தான் முதலில் ஓடினேன். நான் அழுதது நிஜம். ஆனால் ஜனாஸா தூக்கும்போது தெருமுனை வரை ஆள். கம்பெனி முதலாளிகள் தலையில் கைக்குட்டை கட்டி நின்றார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மருந்து அறையில் வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், வேலை உடுப்போடு. தோளில் உன்னைத் தாங்கிக்கொண்டு போகும்போதே எனக்கு ஒரு நினைப்பு: என் ஜனாஸாவுக்கு இம்புட்டுப் பேர் வருவாங்களா? அந்த நேரத்திலும் அப்படி நினைத்தவன் நான். மன்னிப்பாயா?

இன்னும் இருக்கிறது, கேள். உன் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததுமே உன் கடையை நான் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன். ராபியா மதினி இத்தாவில் இருக்கிறார்கள். நாலு மாதம் பத்து நாள் வாசல் படி தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அதற்குள் கட்டடச் சொந்தக்காரரிடம் பேசிக் கடையை என் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். உன் கம்பெனிகளையெல்லாம் என் பக்கம் இழுத்துவிட வேண்டும். மதினிக்கு மாதாமாதம் ஏதாவது கொடுத்துவிடலாம், குடும்பம் அல்லவா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். ஜைனபு வழியாகச் சொல்லி அனுப்பினேன். மதினி சொன்னது இரண்டே வார்த்தை: ‘இத்தா முடியட்டும்.’

எனக்குப் பொறுமை இல்லை. அந்த நேரத்தில்தான் சிவகாசிக்கு வெளியே இருக்கும் ஒரு கம்பெனி முதலாளி போன் போட்டார். எட்டு இடத்துக் கேமரா லைனும் நீ போட்டது. அவர் திரை வைக்கும் அறையை இடம் மாற்றியிருக்கிறார். எட்டு லைனையும் பழைய அறையில் பிடுங்கிப் புது அறையில் மாட்ட வேண்டும். திங்கட்கிழமை ஆய்வுக்கு ஆள் வருகிறது. கேமரா தெரியவில்லை என்றால் தெரிகிற வரை கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். சீசன் நேரம். ஆர்டர் நிற்கும், இருநூறு பேர் கூலி நிற்கும்.

‘சிக்கந்தர் பாய் இருந்தா ஒரு மணி நேர வேல. இப்ப யார்ட்ட போறது பாய்?’ என்றார்.

‘நான் வாறேன் அண்ணாச்சி’ என்றேன்.

என் கடையில் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், தெரியும். வேண்டுமென்றேதான் நானே போனேன். இந்த ஒரு வேலையை என் கையால் செய்து காட்டிவிட்டால் உன் கடை எனக்குத்தான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, தானாக வந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் போனேன். உனக்குத் தெரியாததா அந்த இடம்? வெளி கேட்டில் செல்போனை வாங்கி மரப்பெட்டியில் போட்டார்கள். உள்ளே நுழையும் இடத்தில் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பும் கிடையாது. புது அறை உள்ளே, பேக்கிங் கொட்டகைக்குப் பக்கத்தில். நீ சுருட்டி விட்டிருந்த மிச்சக் கேபிள் புது அறை வரைக்கும் தாராளமாக எட்டியது. என்றைக்காவது அறையை மாற்றுவார்கள் என்று நினைத்தா அவ்வளவு விட்டு வைத்தாய்? அதற்கும் ஒரு முறை எனக்கு வயிறு எரிந்தது.

அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு முனையிலும், கரண்டை வெளிச்சமாகவும் வெளிச்சத்தைக் கரண்டாகவும் மாற்றுகிற ஒரு கன்வெர்ட்டர் டப்பா. டப்பாவில் இரண்டு ஓட்டை: ஒன்று வெளிச்சத்தை அனுப்புகிற டி.எக்ஸ்., இன்னொன்று வாங்குகிற ஆர்.எக்ஸ். இரண்டு இழை: ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. தூரத்தில் கேமராக் கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீலம் டி.எக்ஸில், ஆரஞ்சு ஆர்.எக்ஸில். பழைய அறைக்கு வந்து பார்த்தால் தலைகீழ்: நீலம் ஆர்.எக்ஸில், ஆரஞ்சு டி.எக்ஸில். எட்டு லைனும் அப்படியே.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ‘கெட்டிக்காரப் பய, பூட்டுப் போட்டு வச்சிருக்கான்’ என்று தோன்றியது. வேறு எவனும் வந்து கை வைத்தால் ஓடக் கூடாது, மறுபடி தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று குறுக்கே மாட்டி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். வேறு எப்படி எனக்குத் தோன்றும்?

முப்பது வருஷம் ஒயர் விற்றவன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அந்த நியாயத்தில், புது அறையில் எட்டு லைனையும் ‘நேராக்கி’ மாட்டினேன். இந்தப் பக்கமும் நீலம் டி.எக்ஸில், அந்தப் பக்கமும் நீலம் டி.எக்ஸில். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. சுவிட்சைப் போட்டேன்.

கரண்ட் விளக்கு எரிந்தது. இணைப்பு விளக்கு எரியவில்லை. திரையில் எட்டுக் கட்டமும் கறுப்பு.

மருந்து அறைப் பெண்களை மேற்பார்க்கும் மாரியம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ‘என்ன பாய், எட்டுக் கட்டத்துலயும் அமாவாசையா இருக்கு?’

‘இந்தா வந்துரும்.’

‘சிக்கந்தர் பாய் வந்தா பேசிக்கிட்டே மாட்டுவாக. நீங்க பேசாம மாட்டுறீக, அதாம் வரல போல.’

காரில் இருந்து புது கன்வெர்ட்டர்களை எடுத்துவரச் சொல்லி மாற்றினேன். எட்டும் புதுசு, என் கடைச் சரக்கு. வரவில்லை. இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தேன். ஒரு இழை கை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்துச் செருகினேன். அதுவும் எரியவில்லை. மதியமாகிவிட்டது. முதலாளி ஒரு தடவை வந்து கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு தடவை வந்தார். ‘திங்கக்கெழம வாறாக பாய்’ என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

வேறு வழி இல்லாமல் வெளி கேட் வரை நடந்து போய், போனை வாங்கி ஜைனபுவைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை அவள் அக்காவுக்குத் துணையாக உன் வீட்டில்தான் இருப்பாள். நீ ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பாயோ என்று ஒரு நப்பாசை.

‘உங்களுக்கு எதுக்கு இந்த வேல? கடையில ஆளுக தண்டத்துக்கா இருக்காக?’ என்றாள் எடுத்த எடுப்பில்.

‘வியாக்கியானம் அப்புறம் பண்ணு. மச்சான் நோட்டு கீட்டு எதுவும் வச்சிருக்காரான்னு அக்காட்ட கேளு.’

அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு. மதினி என்னோடு நேராகப் பேச மாட்டார்கள். ஜைனபு வாய் வழியாகத்தான் வரும்.

‘நோட்டெல்லாம் இல்லையாம். நீலம் எந்த ஓட்டையில இருக்குன்னு அக்கா கேக்குறா.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலம் என்ற ஒன்று இருப்பதே மதினிக்கு எப்படித் தெரியும்?

‘ரெண்டு பக்கமும் டி.எக்ஸ்.ல. உங்க மச்சான் குறுக்க மாட்டி வச்சிருந்தாரு. நாந்தான் நேராக்குனேன்.’

ஜைனபு அப்படியே ஒப்பித்தாள். பிறகு ஒரு சிரிப்பு. ஜைனபு சிரிப்பு இல்லை. நீ போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு.

‘என்னடி?’

‘அது… மச்சான் சொல்லுவாராம்… போங்க, எனக்கு வெக்கமா இருக்கு.’

‘சொல்லித் தொல. வெயில்ல நிக்கிறேன்.’

‘வாயும் வாயும் ஒட்டுனா முத்தந்தாங் கெடைக்குமாம், பேச்சு கேக்காதாம். இங்கனக்குள்ள வாய் அங்கன காதுக்குப் போகணுமாம், அங்கன வாய் இங்கன காதுக்கு வரணுமாம். டி.எக்ஸ் வாயாம், ஆர்.எக்ஸ் காதாம். மச்சான் மாட்டுனதுதான் சரியாம்.’

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ஜைனபு போனை வைத்துவிட்டாள்.

காவல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன பிறகும் நீதான் உன் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிறாய். நான் உயிரோடு இருந்து இருபது வருஷத்தில் ஜைனபுவை எத்தனை தடவை சிரிக்க வைத்தேன்?

திரும்பிப் போனேன். செம்புத் தகட்டைத் தொட்டேன். நான் நேராக்கியதையெல்லாம் மறுபடி குறுக்கே மாட்டினேன். ஒன்று எரிந்தது. இரண்டு எரிந்தது. ஏழு வரை எரிந்தது. எட்டாவது மட்டும் எரியவில்லை. மறுபடி கேட் வரை நடை. மறுபடி போன்.

‘முனைய கீழ போட்டாகளா, சட்டையில தொடச்சாகளான்னு அக்கா கேக்குறா.’

பார்த்தது போலக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

‘தொடச்சேன்.’

‘மருந்துத் தூசி பறக்குற எடத்துல சட்டை சுத்தமாவா இருக்கும்? ஸ்பிரிட் தொட்ட துணியில ஒரே பக்கமா இழுத்துத் தொடைக்கணுமாம். போன வழியே திரும்பித் தொடைக்கக் கூடாதாம். அப்புறம் இன்னொண்ணு. இழைய கண்ணுக்கு நேர வச்சுப் பாக்கக் கூடாதாம். நமக்கு அந்த வெளிச்சம் தெரியாது, ஆனா கண்ணைக் கெடுத்துருமாம். நீங்க பாக்கலைல்ல?’

‘சேச்சே’ என்றேன்.

எட்டாவதும் எரிந்தது. திரையில் எட்டுக் கட்டத்திலும் வெயில். ஒரு கட்டத்தில் மாரியம்மாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ‘அமாவாசை முடிஞ்சிருச்சு!’ என்று வெளியே குரல் கேட்டது.

முதலாளி வந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். என் தோளில் கை போட்டார். ‘அப்படியே சிக்கந்தர் பாய் கைதான். உங்களுக்குள்ள இப்படி ஒரு வேலக்காரன் இருக்குறது தெரியாமப் போச்சே! என் மச்சினன் கம்பெனி ரெண்டு இருக்கு. அதையும் இனி நீங்களே பாத்துக்கிருங்க’ என்றார்.

எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்கு நான் ஏங்கினேன்! அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

‘சரி அண்ணாச்சி’ என்றேன்.

நேரே உன் வீட்டுக்குப் போய் ஜைனபுவைக் காரில் ஏற்றிக்கொண்டேன். விருதுநகர் போகும் வழியில் கேட்டேன்: ‘உங்கக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?’

‘மச்சான் சாப்பிட உக்காந்தா அன்னைக்குப் பார்த்த வேலய பூராம் சொல்லுவாராம். அக்கா சும்மா கேக்க மாட்டாளே, குறுக்க குறுக்க கேள்வி கேப்பாளாம். அதுவுமில்லாம…’ என்று நிறுத்தினாள்.

‘என்ன அதுவுமில்லாம?’

‘யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னா. மச்சானுக்கு ரெண்டு வருஷமா பொடிசெல்லாம் கண்ணுக்குத் தெரியாதாம். இழைய அறுத்து, டப்பாவுல செருகுறதுக்கு முனை போடுறது பூராம் வீட்டுல வச்சு அக்காதானாம். அவரு கொண்டு போயி மாட்டுறது மட்டுந்தானாம்.’

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

சகலை, இரண்டு வருஷமாக ஊர் முழுக்க எந்தக் கையைப் புகழ்ந்ததோ, எந்தக் கையைப் பார்த்து நான் வெந்து செத்தேனோ, அதில் பாதி உன் கையே இல்லையா? ‘சிக்கந்தர் போட்ட முனை பத்து வருஷத்துக்கு அசையாது’ என்று என் கடையில் நின்றே சொல்வார்கள். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டுதானே இருந்தாய்? ‘இது என் வீட்டுக்காரி போட்டது’ என்று ஒரு தடவையாவது சொன்னாயா? கண் தெரியவில்லை என்றால் ஆர்டர் போய்விடும் என்று பயந்தாயா? அதுகூட எனக்குப் புரிகிறது. நானும் அந்தப் பயத்தில் பிழைப்பவன்தான். ஆனால் ஒரு தடவை? என்னிடமாவது?

இதுவரை உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுப் பழக்கம். அன்றைக்குத்தான் முதல் தடவை உன்மேல் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நானும் அரைமணி முன்னால்தான் அதே காரியத்தைச் செய்துவிட்டு வந்திருந்தேன். மதினி சொல்லிக் கொடுத்த வேலைக்கு என் தோளில் கை விழுந்தது. நான் ‘சரி அண்ணாச்சி’ என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜைனபு கேட்டாள், ‘ஒடம்புக்கு என்ன?’ என்று. சாப்பிடும்போதும் கையை விடாத போனைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா வேலை, கன்வெர்ட்டர் மாற்றியது, இழையைக் கண்ணுக்கு நேரே பிடித்தது வரைக்கும். அவள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், ‘அப்ப மொதலாளிக்கு அக்கா பேரு தெரியாது’ என்றாள். அது கேள்வியாகவே இல்லை.

திங்கட்கிழமை ஆய்வுக்காரர்கள் வந்தார்கள், எட்டுக் கட்டத்தையும் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். கம்பெனி பூட்டவில்லை. அவர்கள் போனதும் முதலாளி வருஷம் முழுக்கப் பராமரிக்கும் ஒப்பந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

‘அண்ணாச்சி, இது என் வேல இல்ல’ என்றேன். காகிதத்தை அவர் பக்கமே நகர்த்தினேன். ‘சொன்னது எங்க மதினி. கேட்டுக்கிட்டு மாட்டுனது மட்டுந்தான் நான். உங்க கம்பெனியில ரெண்டு வருஷமா முனை போட்டதும் அவுகதான். சிக்கந்தர் வீட்டுக்காரவுக. காகிதத்த அவுக பேருக்கு எழுதுங்க.’

அவர் பேனாவை மூடினார். ‘பொம்பளையாளா? இங்கன வந்து வெயில்ல கம்பத்துப் பெட்டியெல்லாம் தெறந்து… அதெல்லாம் சரிப்படுமா பாய்?’

கையெழுத்து வாங்க வந்து நின்ற மாரியம்மாள் விடவில்லை. ‘ஏன் மொதலாளி, இங்கன மருந்து அடைக்கிறது, வெடி சுத்துறது, திரி வைக்கிறதெல்லாம் யாரு? உங்க மாமனாரா?’

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

‘சரி. அவுக எப்ப வருவாக?’

‘இத்தா முடியணும். இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு.’

‘அதுவரைக்கும்?’

‘அவுக சொல்லுவாக. நான் மாட்டுவேன்.’

‘அப்ப நீங்க அவுகளுக்குக் கையாளு.’

‘ஆமா’ என்றேன். சொன்னதும் செத்துவிடவில்லை. ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்கே ஜைனபு மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்: உன் கடை மதினிக்குத்தான்; நான் கேட்டதை மறந்துவிடச் சொன்னேன். கட்டடக்காரரிடமும் பேசிவிட்டேன். மதினியிடமிருந்து வந்த பதில் இது: ‘சாமானெல்லாம் அவுக கடையிலயே எடுத்துக்கிறேன். செம்பு மட்டும் தலையில கட்ட வேணாம்னு சொல்லு.’ உனக்கு வாய்த்தவள் உனக்கேற்றவள்தான். அதிலும் எனக்கு ஒரு துளி பொறாமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் நான் சாப்பிடும்போது போனை அடுத்த அறையில் வைக்கிறேன். ஜைனபு நேற்று என்னிடம் கேட்டாள், செம்புக் கம்பியை ஏன் இன்னும் வாங்கி அடுக்குகிறீர்கள் என்று. சாப்பிட்டுக்கொண்டே அவளுக்குக் கடைக் கணக்கைச் சொன்னேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று மதினியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். உன் கண் விஷயத்தையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, ‘எழுதட்டும், இனிமே அவுகளுக்கு ஆர்டர் போயிரும்னு பயமில்ல’ என்றார்களாம்.

இப்போது உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இத்தா முடிந்த மறுநாள் காலையில் மதினியையும் ஜைனபுவையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கம்பெனி வாசலில் இறக்குவேன். ‘இது சிக்கந்தர் சம்சாரம்’ என்று சொல்லி அறிமுகம் செய்ய மாட்டேன். முதலாளி, காவல்காரர், மாரியம்மாள் எல்லாரும் நிற்கும்போது, ‘இவுகதான் ராபியா. உங்க எட்டு கேமராவுக்கும் முனை போட்டவுக’ என்று உரக்கச் சொல்வேன். நீ உயிரோடு இருந்து சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. உன் வாயில் வரவில்லை. என் வாயில் வரும். நம் இருபது வருஷத்தில் இந்த ஒன்றில்தான் நான் உன்னை முந்தியிருக்கிறேன். அங்கே படுத்துக்கொண்டு, இனி கொஞ்ச நாள் நீ பொறாமைப்படு.

உன் சகலை,
ஜைனபு வீட்டுக்காரன் அபுதாகிர்